மலைக்கு மேலிடம் மருந்தல்ல

கேமரன் மலையில் மண் சரிந்து சாலை மூடினாலும் சரி, ரிங்லெட் ஏரி செந்நீராகப் புரண்டாலும் சரி, மறுநாளே ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். மாவட்ட மன்றத்துக்குத் திறமை இல்லை, மாநிலத்துக்கு அக்கறை இல்லை, ஆகவே மத்திய அரசாங்கமே மலையைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பு. பத்திரிகைத் தலையங்கத்திலும் கருத்தரங்க மேடையிலும் கோலாலம்பூர் காப்பிக் கடையிலும் இதே பேச்சுதான். இதில் கட்சி பேதம்கூடக் கிடையாது. எதிர்க்கட்சியாக இருந்தபோது ஒரு மாதிரியும் ஆளுங்கட்சியானபின் வேறு மாதிரியும் பேசுகிறவர்கள்கூட, புத்ராஜெயா தலையிட்டால் மலை பிழைக்கும் என்பதில் ஒத்துப் போகிறார்கள்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அதன் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது: உள்ளூரான் பேராசைக்காரன், மேலே இருப்பவன் நடுநிலையாளன். இந்த நம்பிக்கையைத்தான் நான் மறுக்கிறேன். கேமரன் மலையில் மேலிடத்தின் கை எட்டாத இடம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அங்கே இல்லாமல் போனது, மலையில் குடியிருக்கிறவனின் பேச்சுக்குச் சட்டப்படி ஒரு மதிப்பு.

முதலில் யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை அதிகாரங்களைப் பங்கு போடுகிறது. மின்சாரம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. நிலம், விவசாயம், காடு, ஊராட்சி நான்கும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆக, மலையில் அணை கட்டி மின்சாரம் எடுப்பது புத்ராஜெயாவின் பாடு. எந்தச் சரிவை யாருக்குக் கொடுப்பது என்பது பகாங் மாநிலத் தலைநகரான குவாந்தானின் பாடு. தானா ராத்தாவில் இருக்கும் மாவட்ட மன்றத்துக்கு மிஞ்சியது குப்பை, கடை உரிமம், வடிகால், கட்டட வரைபடம். ஒரு சரிவில் மண்வாரி இயந்திரம் ஏறும்போது அதை ஏற்றியது அநேகமாக மன்றம் அல்ல. ஆனால் மழைக்குப் பிறகு சாலையில் கிடக்கும் சேற்றுக்கு முதலில் திட்டு வாங்குவது மன்றம்தான். இந்த அமைப்பில் ‘உள்ளூர் நிர்வாகம் தோற்றுவிட்டது’ என்று சொல்வதற்கு, நிர்வகிக்கும் அதிகாரம் முதலில் உள்ளூரில் இருந்திருக்க வேண்டும்.

மத்திய அரசு மலைக்கு வெளியே நின்றுகொண்டிருந்ததா? 1963-ல் சுல்தான் அபு பக்கார் அணை கட்டி முடிக்கப்பட்டு ரிங்லெட் நீர்த்தேக்கம் உருவானது. பெர்த்தாம் ஆற்றின் நீரும், தெலோம் ஆற்றிலிருந்து திருப்பப்பட்ட நீரும் அங்கே சேர்ந்து, சுரங்கம் வழியே பேராக் பக்கம் இறங்கி மின்சாரமாகின்றன. அன்றைக்கு மத்திய மின்சார வாரியம், பிறகு தேசிய மின்சார வாரியம், 1990 முதல் தெனாகா நேஷனல். பெயர் மாறியதே தவிர, மலையின் தண்ணீர்க் குழாயைத் திருகும் கை அறுபது ஆண்டுகளாகத் தலைநகரில்தான் இருக்கிறது. மேலே காடு வெட்டி வந்த மண் நீர்த்தேக்கத்தில் படிந்து படிந்து அதன் கொள்ளளவைத் தின்றுவிட்டது. தூர்வாருவதும் வாரிய மண்ணைக் கொண்டுபோய்க் கொட்ட இடம் தேடுவதும் முடியாத வேலையாக நீள்கின்றன. தூர்வாரும் செலவு தெனாகாவுக்கு. மண்ணை அனுப்பும் சரிவுகளின் அதிகாரம் மாநிலத்துக்கு. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பேச வேண்டிய உள்ளூர் மன்றத்துக்கு இருவரையும் கட்டுப்படுத்தும் உரிமை கிடையாது.

இதன் விலை என்ன என்பது 2013 அக்டோபர் 23-ஆம் தேதி அதிகாலையில் தெரிந்தது. விடாத மழையில் நீர்மட்டம் ஏற, அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. அணைக்குக் கீழே பெர்த்தாம் வேலியில் மக்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரம். சேற்று வெள்ளம் வீடுகளையும் வாகனங்களையும் புரட்டிப் போட்டது, உயிர்களும் போயின. அணையைக் காக்க வேறு வழியில்லை என்றது ஒரு தரப்பு. ஆற்றோரத்தை ஆக்கிரமித்து ஆற்றையே குறுக்கிவிட்டார்கள் என்றது இன்னொரு தரப்பு. முறையான எச்சரிக்கை வரவில்லை என்றார்கள் குடியிருந்தவர்கள். பிறகு அவர்கள் வழக்குக்கும் போனார்கள்.

இதில் யார் சொன்னது எவ்வளவு சரி என்பது என் வாதத்துக்குத் தேவையில்லை. மூன்று தரப்பும் சொல்வது முழு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அணை நிரம்பும் அளவுக்கு மழை பெய்யும், ஆறு குறுகிவிட்டது, கரையில் வீடுகள் இருக்கின்றன. இந்த மூன்றும் அன்றிரவு திடீரென்று தெரிய வந்தவை அல்ல. அணைக்காரர்களுக்குத் தெரியும், நில அலுவலகத்துக்குத் தெரியும், கீழே இருப்பவர்களுக்கும் தெரியும். தெரிந்தவர்கள் எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, ‘இந்த மட்டத்துக்கு மேல் ஏறினால் எத்தனை மணிக்கு யார் யாரை எழுப்புவது, அதற்கு முன்பே யாரை எங்கே குடிபெயர்ப்பது’ என்று கேட்டு வாங்கும் தகுதி உள்ள அமைப்புதான் இல்லை. மேலிடம் அன்றிரவு அங்கே இருந்தது. மதகே அதன் கையில்தான் இருந்தது.

அந்த ஆண்டின் இன்னொரு விஷயத்தை, மேலிடத்தை அழைப்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 2013 பொதுத் தேர்தலில் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் 462 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர் அன்றைய ம.இ.கா. தலைவர் ஜி. பழனிவேல். அவருக்குக் கிடைத்த இலாகா இயற்கை வளம், சுற்றுச்சூழல். சுற்றுச்சூழல் அமைச்சரே இந்த மலையின் உறுப்பினர். இதைவிட நெருக்கமாக மத்திய அரசு மலைக்கு எப்படி வர முடியும்? அவர் பதவியில் இருந்தபோதுதான் 2013 அக்டோபர் வெள்ளம் வந்தது. 2014 நவம்பரில் ரிங்லெட், பெர்த்தாம் வேலி வட்டாரத்தில் மீண்டும் சேறு இறங்கி உயிர்களைக் குடித்தது. அன்றைக்கு எல்லாரும் அவரைத் திட்டினார்கள். அவர் செயல்பட்ட விதத்தில் குறை சொல்ல இடம் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு சரிவில் ஓடும் இயந்திரத்தின் சாவியைப் பிடுங்கும் அதிகாரம் நில அலுவலகத்துக்கு இருந்ததே தவிர, அவர் நாற்காலிக்கு இல்லை. ஆளை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். ஆளும் மாறினார், ஆட்சியும் மாறியது, மண் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

உடனே அடுத்த வாதம் வரும்: ‘அதனால்தான் சொல்கிறோம், நில அதிகாரத்தையும் மத்திய அரசிடமே கொடுத்துவிடுங்கள், உள்ளூர்க்காரர்களின் சட்டவிரோத விவசாயத்தை அப்போதுதான் நிறுத்த முடியும்.’ சட்டவிரோதம் என்ற சொல்லைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

மலையில் காய்கறியும் பூவும் பயிரிடும் பெரும்பாலோர் பல்லாண்டுகளாக நம்பியிருந்தது டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக நில உரிமத்தை. தேசிய நிலச் சட்டப்படி அது அந்த நாட்காட்டி ஆண்டோடு முடிகிறது. மார்ச்சில் கிடைத்தாலும் செப்டம்பரில் கிடைத்தாலும் டிசம்பர் 31-ஆம் தேதி கெடு. பிறருக்கு மாற்ற முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் உரிமமும் அவரோடு போய்விடும். அப்பா முப்பது வருடம் கொத்திய நிலத்தில் மகன் நிற்க வேண்டுமானால் புதிதாக விண்ணப்பம் போட வேண்டும். இப்படிப்பட்டவனிடம் போய், சரிவில் படிப்படியாகத் தளம் வெட்டு, கல் அடுக்கித் தடுப்புச்சுவர் கட்டு, வண்டல் தேங்கக் குட்டை தோண்டு என்றால் எதை நம்பிச் செய்வான்? அடுத்த ஆண்டு அந்த நிலம் யாருடையது என்று அவனுக்கே தெரியாது. அவன் செய்யக்கூடியது ஒன்றுதான்: மேலே பிளாஸ்டிக் கூரை போட்டு, ஆண்டுக்குள் எத்தனை அறுவடை எடுக்க முடியுமோ அத்தனையும் எடுப்பது. கூரையில் விழும் மழை மண்ணில் ஊற வழியில்லாமல் ஓரத்தில் ஒரே வீச்சில் கொட்டி, கரையை அறுத்துக்கொண்டு இறங்குகிறது. உரிமத்தின் எல்லை தாண்டி நாலு பாத்தி கூடுதலாகப் போட்டவனும் இருக்கிறான். உரிமமே இல்லாமல் காட்டுக்குள் போனவனும் இருக்கிறான். அவர்களைத் தண்டிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2019-ல் குவாலா தெர்லாவில் செய்ததுபோல் தோட்டங்களை இயந்திரம் வைத்து அழித்துவிட்டு வருவது, காரணத்தை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு ஆளை அடிக்கிற கதை.

எதிர்ச்சரிவில் தேயிலையைப் பாருங்கள். 1929-ல் ரஸல் என்பவர் ஹபுவில் தொடங்கிய போ தோட்டமாகட்டும், 1933 முதல் இருக்கும் பாரத் தோட்டமாகட்டும், அங்கேயும் காட்டை அழித்துத்தான் செடி வைத்தார்கள். அந்தப் பாவத்தை அழகான பச்சைக் கம்பளம் மறைத்துவிடாது. ஆனாலும் இடுப்புயரத்தில் கவாத்து செய்த தேயிலை, இடைவெளி தெரியாமல் மண்ணை மூடி நிற்கிறது. பல பத்தாண்டு வேர் மண்ணைப் பிடித்திருக்கிறது. சரிவின் வளைவை ஒட்டி வடிகால் போகிறது. தேயிலைக்காரன் பிறவியிலேயே இயற்கை அன்பனா? அப்படியெல்லாம் இல்லை. அவனிடம் நீண்ட காலக் குத்தகை இருக்கிறது. நாற்பது வருடம் கழித்தும் கொழுந்து கிள்ள வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. ஒரே மலை, ஒரே மழை. நிலத்தோடு உள்ள உறவின் நீளம் மட்டும் வேறு. அந்த நீளத்தைத் தீர்மானிப்பது குவாந்தான். நிலத்திலிருந்தும் காட்டிலிருந்தும் கனிமத்திலிருந்தும் வரும் வருமானத்தைத்தான் அரசியலமைப்பு மாநிலங்களுக்கு விட்டு வைத்திருக்கிறது. வேறு பெரிய வருமானம் இல்லாத மாநிலம், நிலத்தை ஆண்டுக் கயிற்றில் கட்டிப் பிடித்து வைத்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. இதைப் பேசாமல் விவசாயியின் பேராசையை மட்டும் பேசுவது பாதிக் கணக்கு.

தேயிலைத் தோட்டத்துக்கு உள்ளேயும் ஒரு கணக்கு உண்டு. லயத்து வீடுகளில் தலைமுறைகளாக இருந்த தமிழர்களுக்கு வீடு தோட்டத்துடையது, தண்ணீரும் விளக்கும் தோட்டத்துடையது. தனியார் நிலம் என்பதால் மன்றத்தின் சேவை வாசலோடு நின்றுவிடும். வேலை ஓய்ந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மலையைப் பச்சையாக வைத்திருந்தவர்களுக்கு மலையின் நிர்வாகத்தில் மனுப் போடும் இடம்கூட இல்லாமல் போயிற்று. செமாய், தெமியார் பூர்வக்குடிகளின் நிலை இன்னும் மோசம். அவர்களின் மூதாதையர் நிலத்தின் மேலேயே மற்ற எல்லாருடைய கோடுகளும் வரையப்பட்டிருக்கின்றன. கேமரன் மலையிலிருந்து முதல் பூர்வக்குடி நாடாளுமன்ற உறுப்பினர் 2019 இடைத்தேர்தலில்தான் போனார். நாடாளுமன்றத்துக்குப் போக ஒரு வழி திறந்தது. தானா ராத்தா மன்றத்துக்குப் போக இன்னும் வாக்குச்சீட்டு கிடையாது.

மேலிடம் நேரடியாக முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளியே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. இரண்டும் பூமிக்கடியில் உள்ள எரிவாயு பற்றியவை.

இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் ப்ரெஸ்டன் நியூ ரோடு என்ற இடத்தில் பாறையை நீரால் உடைத்து ஷேல் எரிவாயு எடுக்க குவாட்ரில்லா நிறுவனம் அனுமதி கேட்டது. 2015 ஜூனில் உள்ளூர் மன்றம் மறுத்தது. லண்டன் ‘நாட்டின் எரிசக்தித் தேவை’ என்றது. 2016 அக்டோபரில் அமைச்சர் சாஜித் ஜாவித் மன்றத்தின் முடிவைத் தள்ளிவிட்டு அனுமதி கொடுத்தார். 2018-ல் பாறை உடைப்பு தொடங்கியது. 2019 ஆகஸ்டில் 2.9 அளவில் நிலம் அதிர்ந்தது. நவம்பரில் அதே மத்திய அரசு இங்கிலாந்து முழுவதும் அந்த முறையை நிறுத்தி வைத்தது. ‘குறுகிய பார்வை’ என்று ஒதுக்கப்பட்ட மன்றத்தின் தயக்கத்துக்கு, நாலு வருடம் சுற்றிவிட்டு மேலிடமும் வந்து சேர்ந்தது.

காவிரி டெல்டாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010-ல் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்தோடு மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. 2011 தொடக்கத்தில் மாநில அரசும் கைகோத்தது. வயலுக்குச் சொந்தக்காரனுக்கு விஷயம் தெரிந்தது அதற்கெல்லாம் பிறகு. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்; 2013 டிசம்பரில் அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே இறந்தார். மக்கள் எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் மாநிலம் பின்வாங்கியது. 2017 பிப்ரவரியில் இன்னொரு எரிவாயுத் திட்டத்துக்கு எதிராக நெடுவாசலில் போராட்டம் வெடித்தபோது தமிழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளே இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர்வரை தனி அலுவலர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். ஆக, மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், எண்ணெய், எரிவாயுத் துரப்பண ஆய்வுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே வேண்டாம் என்று விதியைத் திருத்தியது. அடுத்த மாதமே தமிழக சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காவிட்டால், கேள்வி தெருவுக்கு வரும். அதற்குப் பிறகு எந்த அரசாங்கமும் நிம்மதியாகத் திட்டம் போட முடியாது.

எதிர்த்தரப்பின் பலமான வாதங்களையும் எதிர்கொள்ள வேண்டும். ஒன்று, ஆறு ஊர் எல்லையில் நிற்பதில்லை. மேலே இருப்பவன் தன் லாபத்துக்கு மலையை வெட்டினால் கீழே இருப்பவன் சாகிறான், ஆகவே மேலே ஒரு நடுவர் வேண்டும் என்பது. உண்மை. அணைப் பாதுகாப்புக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் தேச அளவில் கடுமையான வரையறை கட்டாயம் வேண்டும். ஆனால் நடுவர் என்பவர் இரு தரப்பையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர். அணையின் சொந்தக்காரரே நடுவராகவும் இருக்க முடியாது.

இரண்டு, தேர்தல் வைத்தால் உள்ளூர்ப் பணக்காரர்கள் மன்றத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது. பிடிக்கலாம். ஆனால் இன்றைக்கு மன்றத்தில் என்ன நடக்கிறது? 1976 ஊராட்சிச் சட்டப்படி தலைவரையும் எட்டு முதல் 24 உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கிறது. நில உரிமம் கொடுக்கும் கையே அதைக் கேள்வி கேட்க வேண்டிய ஆளையும் பொறுக்கி எடுக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவன் கெட்டுப்போனால் அடுத்த தேர்தலில் இறக்கலாம். நியமிக்கப்பட்டவனை இறக்க மலைவாசிக்கு எந்தக் கயிறும் இல்லை.

மூன்றாவது வாதம் மெதுவாகச் சொல்லப்படும்: ஊராட்சித் தேர்தல் இனக்கலவரத்தைக் கொண்டுவரும். 2015-ல் பாஸ் கட்சித் தலைமை மே 13 கலவரத்தையே நினைவூட்டியது. இந்த நாட்டில் வாக்குப்பெட்டி முதலில் வந்ததே ஊராட்சி வழியாகத்தான். 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் நகராண்மைத் தேர்தல், அதற்கு நாலு வருடம் கழித்துத்தான் 1955 பொதுத் தேர்தல். மலாய்க்காரர், சீனர், இந்தியர், பூர்வக்குடி என்று எல்லாரும் கலந்து வாழும் கேமரன் மலை, நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் அடித்துக்கொள்ளாமல் வாக்களிக்கிறது. வடிகாலுக்கு வாக்களித்தால் மட்டும் அடித்துக்கொள்ளுமா?

இங்கேதான் மேலிடத்தை அழைப்பவர்களின் கோரிக்கை தன்னைத்தானே கவிழ்த்துக்கொள்கிறது. மத்திய அரசு இதுவரை தலையிடவில்லை என்பதே தவறு. கேமரன் மலையில் அது செய்த மிகப் பெரிய தலையீடு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் நாடெங்கும் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தியது மத்திய அரசு. நிலைமையை ஆராய செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் அமைத்தது; 1968-ல் அறிக்கையை முடித்த அந்த ஆணையம், தேர்தல் திரும்ப வேண்டும் என்றது. அரசு அதை ஓரங்கட்டிவிட்டு, 1976 சட்டத்தின் 15-ஆம் பிரிவால் தேர்தலையே ஒழித்தது. ஊராட்சி மாநிலப் பட்டியலில் இருந்தும் இது நடந்தது. பினாங்கு மாநிலம் தானே தேர்தல் நடத்த முயன்றபோது, 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் அந்தச் சட்டத்தைக் காட்டியே முடியாது என்றது. தமிழர் ஒருவர் தலைமையில் எழுதப்பட்ட அந்த அறிக்கையை நம் தலைவர்கள் மேடையில் பெருமைக்குச் சொல்வதுண்டு. அதை நிறைவேற்று என்று அவர்கள் கோரி நான் கேட்டதில்லை.

அரசியலமைப்பின் 92-ஆம் பிரிவைக் காட்டி, கேமரன் மலையை தேசிய வளர்ச்சிப் பகுதியாக அறிவிக்கலாமே என்பவர்களும் உண்டு. அந்தப் பிரிவைப் படித்துப் பாருங்கள். வல்லுநர் குழு, தேசிய நிதி மன்றம், தேசிய நில மன்றம், மாநில அரசு என்று ஆலோசனைக்குரியவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். அந்த ஊரில் குடியிருப்பவன் அந்த வரிசையில் இல்லை. இருக்கிற நோயை இன்னொரு மாடி உயரத்துக்கு ஏற்றுவதே அதன் பலன்.

ஆகவே புத்ராஜெயாவிடம் கேட்க வேண்டியது வேறு. 15-ஆம் பிரிவை எடுத்துவிட நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். அரசியலமைப்பைத் தொட வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் வந்த பிறகு, மலையில் நிலம் திறப்பதோ அணையின் நீர்விடும் விதியை மாற்றுவதோ, எதுவானாலும் அந்த மன்றத்திடம் எழுத்தில் கருத்துக் கேட்க வேண்டும். மன்றம் வேண்டாம் என்றால் ஏன் மீறுகிறோம் என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் ஊருக்கே தெரிய வேண்டும். குவாந்தானிடம் கேட்க வேண்டியது: ஓராண்டு உரிமத்தை, சரிவைக் காக்கும் நிபந்தனைகளோடு கூடிய நீண்ட குத்தகையாக்கு, நிபந்தனையை மீறினால் குத்தகையைப் பிடுங்கு. லயத்துக்காரருக்கும் பூர்வக்குடிக் கிராமத்துக்கும் மன்றத்தில் வாக்கு வேண்டும்.

இவற்றில் எதுவும் மழையை நிறுத்தாது. பேராசைக்காரனைப் புனிதனாக்கவும் செய்யாது. ஆனால் அடுத்த முறை சேறு இறங்கும்போது, முடிவெடுத்தவர் யார் என்று விரல் நீட்ட முடியும், நீட்டிய விரலுக்கு ஒரு வாக்கும் இருக்கும். இன்றைக்கு மூன்று அலுவலகங்கள் ஒன்றையொன்று காட்டிக்கொண்டிருக்கின்றன. நான்காவதாக இன்னொரு பெரிய அலுவலகத்தைக் கூப்பிடுவதை இனியாவது நிறுத்துவோம்.